முழு நெய்மீன்

நெய்மீன் கறியில் தாளிப்பு விழுந்ததும் வீடே மணத்தது. சுகிர்தபாய் அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பும் புளியும் காரமும் அவள் சொன்னபடி கேட்டிருந்தன.

இன்றைக்குத் தெரியட்டும், சமையல் என்றால் என்னவென்று.

முன்னறையில் நான்கு இலைகள். ஒன்றின் முன் அவள் கணவன் பொன்னுதாஸ், மற்றவற்றின் முன் அவனுடைய கூட்டாளிகள். இந்தப் பகுதியை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கொடி பிடித்தவர்கள். மார்த்தாண்டத்தில் போலீஸ் சுட்ட நாளிலிருந்து கூட்டாளிகள் மூவர் மேலும் வாரண்டு இருந்தது.

அவர்கள் வழக்கமாகக் கூடுவது அடுத்த விளையில், தோட்டத்துக்குள் இருக்கும் சிவதாணுவின் வீட்டில். சிவதாணு பகுத்திக் கச்சேரியில் வரிக் கணக்கெழுதுகிறவர். சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுப் பக்கம் போலீஸ் திரும்பிப் பார்க்காது.

கூடட்டும், அதில் சுகிர்தபாய்க்கு ஒன்றுமில்லை. சிவதாணுவின் மனைவி விஜயம்மா அங்கே போடும் சாப்பாடுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

சாப்பாடாம் சாப்பாடு! விளையில் பிடுங்கிய மரச்சீனிக் கிழங்கை அவித்து இலையில் கொட்டுவாள். காந்தாரி மிளகாயையும் சின்ன உள்ளியையும் நசுக்கித் தேங்காயெண்ணெய் ஊற்றி ஓரத்தில் வைப்பாள். பிறகு கருப்பட்டிக் காப்பி. தீர்ந்தது விருந்து. இதைத் தின்றுவிட்டு வந்து பொன்னுதாஸ் வாய் ஓயாமல் புகழ்வான்.

"எத்தறை பேரு போனாலும் ஒரு சத்தமில்ல, ஒரு அலட்டலில்ல. கைய களுவிட்டு வாறதுக்குள்ள எலையில வந்துரும். அவளப் போல ஒருத்திய நான் கண்டதில்ல, கேட்டியா!"

கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. சபையில் அசன விருந்து என்றால் கறிகூட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். போதகரே மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கட்டினவனுக்கு மட்டும் அடுத்த வீட்டு அவித்த கிழங்கு இனிக்கிறது. கிழங்கு மட்டும்தான் இனிக்கிறதா என்று யோசித்து அவள் உறக்கம் கெட்டதும் உண்டு.

ஒரு நாளாவது இங்கே கூட்டி வா என்று அவள்தான் மல்லுக்கு நின்றாள். "இங்க வேண்டாம், அங்கதான் வசதி" என்று அவன் சொன்னது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனைச் சம்மதிக்க வைத்தாள்.

காலையில் மீன்காரி வந்தாள். விஜயம்மாவால் ஒருநாளும் முடியாததைச் செய்து காட்டவேண்டும் என்று சுகிர்தபாய் ஒரு முழு நெய்மீனை வாங்கினாள். ரெண்டு பேருக்கு எதற்கு இத்தனை என்று மீன்காரி கேட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "விருந்து உண்டு" என்றாள். அதுவும் வேலிக்கு அப்பால் கேட்கும்படி, சத்தமாக.

இப்போது இலைகளில் சோறு விளம்பியாகிவிட்டது. சட்டியைத் தூக்கிவந்து முதல் துண்டைப் பொன்னுதாஸின் இலையில் வைத்தாள். அவன் தொட்டு வாயில் வைப்பதற்குள் விஜயம்மா பின்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மீன்காரிய நிறுத்தி போலீசு கேட்டுட்டு நிக்குதான், விருந்து எந்த வீட்டிலன்னு. ஓடுங்கோ!"

நால்வரும் மரச்சீனி விளைக்குள் பாய்ந்தார்கள்.

சுகிர்தபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. சொந்த விளையில் பிடுங்கிய கிழங்கை எத்தனை பேருக்கு என்று எந்தக் கடைக்காரனும் கேட்கப்போவதில்லை. விஜயம்மா ஒன்றும் சோம்பல்பட்டுக் கிழங்கை அவிக்கவில்லை. அதிலும் அவளே கெட்டிக்காரியாகிவிட்டாள் என்று அந்த நேரத்திலும் சுகிர்தபாயின் நெஞ்சு எரிந்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. போலீஸ்காரன் புதிதாக மாற்றலாகி வந்தவன், வடக்கே எங்கோ உள்ள மலையாளி. சோறு ஆவி பறக்கும் நான்கு இலைகளையும் பார்த்தான்.

"இத்ரயும் மீன் ஆர்க்காடீ?"

இத்தனை மீன் யாருக்கென்று சுகிர்தபாய் என்ன சொல்வாள்? திரும்பினால், பொன்னுதாஸின் இலைக்கு முன்னால் விஜயம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றியில் எந்நேரமும் இருக்கும் திருநீற்றைக் காணவில்லை. அவசரமாகத் துடைத்த இடம் சிவந்திருந்தது.

"ரெண்டு வீட்டுக்கும் சேத்தாக்கும் சாரே. சுகிர்தத்துக்க மீன்கறின்னா எனக்கு உயிராக்கும்" என்றாள்.

போலீஸ்காரன் நகரவில்லை. நிலையில் சாய்ந்து நின்று அவள் கையையே பார்த்தான்.

விஜயம்மா துண்டைப் பிட்டாள். முள்ளும் சதையுமாக அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள். சுகிர்தபாய் சட்டென்று குனிந்து அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். செல்லம் கொஞ்சுவது போலச் சிரித்துக்கொண்டே முள்ளை எடுத்துப் போட்டு, சதையை உதிர்த்து இலையில் வைத்தாள்.

விஜயம்மா மென்றாள், விழுங்கினாள். கண்ணில் நீர் கட்டியது. காரம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, இன்னொரு துண்டுக்கு இலையைக் காட்டினாள்.

தன் கறியை ஒருவர் கேட்டு வாங்குவதைப் பார்க்க முதல் தடவையாகச் சுகிர்தபாய்க்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் வைத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தானே.

போலீஸ்காரன் படியிறங்கிப் போகும்வரை விஜயம்மா மென்றுகொண்டே இருந்தாள்.

சிவதாணுவின் வீட்டுப் படியில் மீன் ஏறாது. விஜயம்மா பிறந்த வீட்டிலும் ஏறியதில்லை.