நடுங்காத டம்ளர்

"அந்த ஆள் வேணும்னேதான் கொட்டறார்!" சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வாசு கத்தினான். "கை நடுங்கறது வேற, உதறறது வேற. என் கண்ணால பார்த்தேன்."

ஐசக் சட்டையில் இருந்த காபிக் கறையைத் தேய்த்தபடி, "ஹவ், நானும் பார்த்தேன். கைக்கு இப்படிப் பண்றார்?" என்றான். 'ஆமாம்', 'எதுக்கு' எல்லாம் அவன் வாயில் உருதுவாகத்தான் வரும்.

ஜூடித் அழுகையை அடக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். மூன்று பேருக்கும் இன்ஜினீயரிங்கில் கடைசி வருஷம். மெக்கானிக்கல் வகுப்பிலேயே ஜூடித் ஒருத்திதான் பெண். ப்ராஜெக்ட் என்றால் சீனியர்களின் பழைய ரிப்போர்ட்டைத் தூசி தட்டி, மறுபடி டைப் அடித்துக் கொடுப்பது என்று கல்லூரியே நிம்மதியாக இருந்த காலம். புதிதாக வந்த புரொபசர் எபனேசர் அந்த நிம்மதியைக் கெடுத்தார்.

"உயிரோட இருக்கற ஒரு மனுஷருக்காக ஏதாவது செய்யுங்க. அவர் வீட்டுக்குப் போங்க, பாருங்க, கேளுங்க. செஞ்சு கையில கொடுங்க. சரிப்படலைன்னா திரும்பப் போங்க. கடைசியில அவர் என் முன்னால அதை உபயோகிச்சுக் காட்டணும். அதுக்குத்தான் மார்க்."

ஜூடித் பிடித்துவந்த மனிதர் மெட்டுகுடாவில் இருந்த கோவிந்தராஜன். ரிட்டயர்டு இன்ஜின் டிரைவர். அவள் அப்பாவோடு ரயில்வேயில் இருந்தவர். இரண்டு கையும் நடுங்கும். காபி டம்ளரை மனைவி அபயாம்பாள்தான் பிடித்துப் புகட்ட வேண்டும்.

"எப்பேர்ப்பட்ட வண்டியெல்லாம் ஓட்டின மனுஷன்! தன் கையால ஒரு டம்ளர் காபி குடிச்சுட்டார்னா, யாதகிரிகுட்டாவுக்கு நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன் பாப்பா" என்றாள் அபயாம்பாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் மெட்டுகுடாதான். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் ஜூடித்துக்கு மனசு இளகிவிடும். மூன்று பேருக்கு இரண்டு சைக்கிள். வாசல்வரை வந்துவிடும் இன்ஜின் புகை. கோவிந்தராஜன் அளக்கும் காஜிப்பேட்டை லைன் கதைகள், அபயாம்பாள் சுடச்சுடப் போடும் வாழைக்காய் பஜ்ஜி. எதை எடுத்துக்கொண்டு போய்த் தோற்றாலும் கோபித்துக்கொள்ளாத வீடு அது. அப்படி ஒரு வீடு அதற்கப்புறம் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

முதலில் இரண்டு பக்கமும் பிடி வைத்த டம்ளர் செய்தார்கள். சிந்தியது. அடியில் ஈயம் ஊற்றிக் கனமாக்கினார்கள். அதுவும் சிந்தியது. கடைசியாக ஐசக் ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தைச் சுழல விட்டு, நடுவில் டம்ளரைத் தொங்கவிட்டான். பிடி எப்படி ஆடினாலும் டம்ளர் நேராக நிற்கும். உதட்டால் லேசாக அழுத்தினால் மட்டும் சாயும். பட்டறையில் வாசு சாமி வந்தவன் மாதிரி அதை ஆட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

கோவிந்தராஜன் கையில் கொடுத்தால் மட்டும் காபி தரையில்!

ஒவ்வொரு தடவையும் அபயாம்பாள், "போகட்டும் விடுங்க" என்று துடைத்துவிட்டு, வேறு காபி கொண்டுவந்து தானே புகட்டினாள். அவரும் சமர்த்துக் குழந்தை மாதிரி குடித்தார்.

அன்று புரொபசரே நேரில் வந்திருந்தார். அன்றும் அதே கதை. காபி ஐசக் சட்டைமேல்.

"சார், அவர் வேணும்னே..." என்று ஆரம்பித்தான் வாசு.

"உபயோகிக்கறவர் மேல பழி போடாதே. கையைப் பார்த்திருக்கீங்க, மனுஷரைப் பார்க்கலை. இப்படியே இருந்தா இந்த வருஷம் பாஸ் போட முடியாது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார் எபனேசர்.

பாலாநகர்ப் பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் ஜூடித்தை ட்ரெயினியாக எடுத்திருந்தார்கள். டிகிரி இருந்தால்தான் சேர முடியும். தெருமுனைவரை வாசு பொரிந்துகொண்டே வந்தான்.

"மகாராஜா! பெண்டாட்டி ஊட்டினாத்தான் தொண்டையில இறங்கும்!"

மறுநாள் காலை, டம்ளரைத் திரும்ப வாங்கிவர ஜூடித் தனியாகப் போனாள். அபயாம்பாள் மண்ணெண்ணெய் க்யூவுக்குப் போயிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே கோவிந்தராஜன் அந்த வளைய டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கை என்னவோ நடுங்கியது. தண்ணீர் சிந்தாமல் வாய்க்குள் போயிற்று.

"அங்கிள்!"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. அப்போதுகூட ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இவ்வளவு நல்லாக் குடிக்கறீங்களே! அப்ப வாசு சொன்னது நிஜம்தானா? என் வேலையே போகப்போகுது அங்கிள். நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?" அடக்கி வைத்திருந்த அழுகை வந்தேவிட்டது.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"தப்புதான் பாப்பா. வேலை போற அளவுக்கு விஷயம்னு எனக்குத் தெரியாது. நாளைக்கே காலேஜுக்கு வர்றேன். உங்க புரொபசர் முன்னால முழு டம்ளரும் குடிச்சுக் காட்டறேன், போதுமா? என் சம்சாரத்துக்கு மட்டும் தெரிய வேணாம்."

"ஏன் அங்கிள்? அவங்க சந்தோஷம்தானே படுவாங்க?"

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, கோவிந்தராஜன் மெல்லச் சொன்னார்:

"கல்யாணமான நாள்லேருந்து, புருஷன் முன்னால உட்காரக் கூடாதுன்னு நின்னுக்கிட்டே இருந்தவ பாப்பா அவ. இந்தக் கை நடுங்க ஆரம்பிச்சப்புறம்தான், காபி புகட்டறதுக்காக என் பக்கத்துல வந்து உட்கார்றா."