இடுப்பில் இருந்த ஏடு

“அந்த ஒற்றனை இன்னிக்கே மாத்துங்க. இல்லேன்னா நான் ஊருக்குக் கிளம்பறேன். உடன்படிக்கையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!”

யவனத் தூதர் எவாண்டர் போட்ட சத்தத்தில், பாடலிபுத்திரத்தின் அயல்நாட்டார் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

அதிகாரி புஷ்யரட்சிதர் பதறி எழுந்தார். உடன்படிக்கையில் முத்திரை விழ இன்னும் மூன்றே நாள்!

“யாரைச் சொல்றீங்க? உங்க வீட்டுக்கு உதவிக்கு நாங்க அனுப்பின வசுகனையா?”

“அவனேதான். நான் என்ன தின்னேன், எப்போ தூங்கினேன்னு சமையல்காரனைத் துருவித் துருவிக் கேக்கறான். எல்லாத்தையும் எழுதி இடுப்புல சொருகிக்கறான். விருந்தாளியை வேவு பாக்கறதுதான் உங்க ஊர் மரியாதையா?”

பத்து மாதத்தில் ஊர்ப் பேச்சு அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எழுத்துதான் பிடிபடவில்லை.

வாசலில் நின்ற வசுகன் சட்டென்று இடுப்பைப் பொத்தினான்.

“பாத்தீங்களா, பொத்தறான்!” எவாண்டர் பாய்ந்து ஏட்டைப் பிடுங்கி நீட்டினார். “சத்தமா படிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

அதிகாரி படித்தார்.

“‘சோறு இறங்கலை. நாளையிலிருந்து மிளகைக் குறைக்கணும்.’

‘அவங்க ஊர் அத்திப்பழம் கேட்டார். மூணு சந்தை அலைஞ்சும் கிடைக்கலை. பேரீச்சையை நசுக்கித் தட்டிக் குடுத்தேன். அத்தின்னே நினைச்சு நாலு தின்னார்.’”

அலுவலகம் கொல்லென்று சிரித்தது. எவாண்டரின் காது சிவந்தது.

“‘ஊஞ்சலாடற பிள்ளையைப் பாத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். ஊர்ல பொண்ணு இருக்காம். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களை இனி தினம் நம்ம முற்றத்துக்கு விளையாட வரச் சொல்லியிருக்கேன்.’”

எவாண்டர் வசுகனைத் திரும்பிப் பார்த்தார். ‘தாடி மாமா’ என்று தோளில் தொங்கும் அந்த வானரப் பட்டாளம், தானாக வந்தது இல்லையா?

“வந்தவங்க ஏங்கிப் போகாம பாத்துக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க” என்று அதிகாரியிடம் முனகினான் வசுகன்.

எவாண்டர் அவனை அப்படியே கட்டிக்கொண்டார்.

“அது பேரீச்சையாடா, திருட்டுப் பயலே!”

அன்று சாயங்காலம், முற்றத்தில் பிள்ளைகள் கும்மாளமிட, எவாண்டர் தானே அடுப்பு மூட்டி எல்லாருக்கும் ரொட்டி சுட்டார்.

“அடுப்பு நல்லா பிடிச்சுக்கிச்சே! அப்படி என்னய்யா போட்டீங்க?” என்றான் வசுகன்.

எவாண்டர் சிரித்தபடி அடுத்த ரொட்டியைத் தட்டினார்.

எந்த வாசலில் எத்தனை காவலர், எந்தக் கொட்டிலில் எத்தனை யானை என்று, பத்து மாதமாகத் தன் அரசருக்காக அவர் ஒளித்து ஒளித்து எழுதிய சுருள், அடுப்பில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.