அமைதியான தெரு

இரைச்சல் இல்லாத இடம் தேடி நகரம் முழுக்க அலைந்த தம்பதி, மகளோடு இந்தத் தெருவில் வந்து நிற்கிறார்கள். மதிய வெயிலில் கொடித் துணிகள் அசைகின்றன. ஜன்னல்தோறும் முகங்கள் தெரிகின்றன. துளிச் சத்தமில்லை. "இங்க வந்தவங்க யாரும் காலி பண்ணிப் போனதில்லைங்க," என்று வீட்டுத் தரகர் கிசுகிசுக்கிறார். "இதையே முடிச்சிடலாம்," என்கிற கணவனின் குரலும் தானாகத் தாழ்ந்திருக்கிறது. வாய் ஓயாத மகள்கூட அம்மாவின் காதருகே வந்து, "எல்லாரும் நம்மளையே பாக்கறாங்கம்மா," என்று முணுமுணுக்கிறாள். மனைவி மகளைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறாள். 'வேண்டாங்க, போயிடலாம்' என்று சொல்ல வாய் திறக்கிறாள். உதடுகள் அசைகின்றன; குரல் வரவில்லை. எதிர் ஜன்னலில் நிற்கும் பெண், எல்லாம் புரிந்தவள்போல் மெல்லத் தலையசைக்கிறாள்.