லட்டு பிடிக்கும் கை

அகப்பட்டுக்கொண்டான் ரகுபதி.

தி.நகர் ஸ்வீட் கடை முதலாளி சுயம்புலிங்கம் கல்லாவில் இருந்தபடியே கேமராவில் பார்த்துவிட்டார். பின்பக்கச் சமையல்கூடத்தில் லட்டு மாஸ்டர் ரகுபதியின் கை வாய்ப்பக்கம் போகிறது, வருகிறது. ஐந்து நிமிஷத்தில் நாலு தடவை.

வேலையாட்கள் யாரும் பண்டத்தை வாயில் போடக் கூடாது என்பது கடையின் சட்டம். முதலாளிக்கு மட்டும் விலக்கு உண்டு. ருசி பார்த்தே நூற்றுப் பத்து கிலோ ஆனவர் அவர். தொப்பை கடைக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தாம் நுழைவதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

மூச்சு வாங்க, அவன் எதிரே போய் நின்றார்.

"ஏலே, வாயத் தொற."

திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

"துன்னல மொதலாளி. தழும்பு அரிக்குது. கையெல்லாம் நெய்யி, சொறிய முடியல. அதான் ஊதிக்கினு இருந்தேன்."

போன வருஷம் கொதிக்கிற நெய் கொட்டிய வலது புறங்கை. தழும்பு கயிறு மாதிரி புடைத்து விரல்களை இழுத்துப் பிடித்திருந்தது. இன்னும் இறுகினால் லட்டு பிடிக்க முடியாது, தனக்கு வேறு தொழிலும் தெரியாது என்றான்.

சுயம்புலிங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் அவருக்குத் தர்ம சிந்தனையும் கூடவே வந்துவிடும். மறுநாளே அவனை நந்தனத்தில் டாக்டர் சகினாவிடம் கூட்டிப்போனார். ரகுபதி தமக்கு வேண்டிய ஆள், செலவு முழுக்கத் தம்முடையது என்று ரிசப்ஷனில் ஒரு தடவை, லிஃப்ட்டில் ஒரு தடவை, டாக்டரிடம் ஒரு தடவை சொன்னார்.

டாக்டர் விளக்கினார். வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, தழும்புக்கு அடியில் ஊசியால் செலுத்தினால் அது மெல்ல இளகும். விரல்கள் மடங்க வாய்ப்பு இருக்கிறது.

சுயம்புலிங்கத்துக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம் தொப்பைக்கு ஓர் உபயோகம். சட்டையைத் தூக்கினார்.

"என்கிட்ட எடுங்க டாக்டர். எவ்வளவு வேணும்னாலும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவரவர் கொழுப்புதான் அவரவர் உடம்பில் ஒட்டும் என்றார். ரகுபதியின் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மட்டும்தான் வந்தது. தொடையிலும் அதே கதை.

"ஒரு கைப்பிடி கூடத் தேறாது போலிருக்கே. நல்லா சாப்பிட்டு நாலஞ்சு கிலோ ஏத்திட்டு வாங்க. எங்க வேலை பார்க்கறீங்க?"

ஏசி ஓடியும் சுயம்புலிங்கத்துக்கு வேர்த்தது. ரகுபதி அவர் முகத்தை ஒருதரம் பார்த்தான்.

"கல்யாண சமையல் மேடம். தெனம் ஒரு எடம், நேரத்துக்குத் துன்ன முடியாது. சார் தெரிஞ்சவரு, பாவம் பார்த்து இட்டாந்தாரு."

டாக்டர் நெகிழ்ந்துபோனார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று சுயம்புலிங்கத்தைப் பார்த்துச் சொல்லவும் செய்தார்.

சுயம்புலிங்கம் தூக்கிய சட்டையை அப்போதுதான் இறக்கினார்.

"பொய் சொல்றான் டாக்டர். பதினாறு வருஷமா என் ஸ்வீட் கடையிலதான் லட்டு பிடிக்கிறான். ஒண்ணுகூட அவன் வாய்க்குள்ள போயிடக் கூடாதுன்னு கேமரா வெச்சிருக்கேன்."