ஏழாவது முறை

போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள்தான், அதை ஒலியலையாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது டேக் என்ற இந்தச் சின்னப் பெட்டி என்று என் மனைவி பூங்கோதைக்கு விளக்கினேன்.

"எங்கப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். கிளம்பலாங்க" என்றாள்.

கடைக்காரர் விலை கூடியது ஒன்றும் குறைந்தது ஒன்றுமாக இரண்டு டேக் கொடுத்திருந்தார். பிடிக்காததை மாலைக்குள் திருப்பித் தர வேண்டும்.

"எட்டே தடவை. அரை மணி நேரத்துல போயிடலாம்."

விலை தெரிந்தால் காது ஏமாந்துவிடும். அதனால் நோட்டுடன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். நான் கையசைத்ததும் அவள் பின்னாலிருந்து வயரை அடுத்த பெட்டிக்கு மாற்றி, அதே பாட்டைப் போட வேண்டும். எந்தப் பெட்டியில் தொடங்கினாள் என்பது எனக்குத் தெரியாது.

முடிவு சந்தேகமில்லாமல் வந்தது. ஒற்றைப்படை முறைகளில் தம்புரா துல்லியம். இரட்டைப்படையில் குரலே மூக்கடைத்ததுபோல் இருந்தது.

"முதல்ல எதுல போட்ட?"

"விலை கம்மியானதுல."

"பாத்தியா! அதுதான் ஜெயிச்சுது."

"மூணாவதுக்கப்புறம் நான் வயரைத் தொடவே இல்லைங்க."

"என்ன வெளையாடுறியா?"

"அண்ணன் போன் பண்ணுச்சு. அப்பா போயிட்டாராம். உங்ககிட்ட சொன்னேன். நீங்க திரும்பாமலே, பேசாதன்னு கையைக் காட்டுனீங்க. அப்புறம் பாட்டைப் போடச் சொல்லி கையை ஆட்டுனீங்க. போட்டேன்."

நான் நோட்டைப் பார்த்தேன். ஏழாவது முறைக்கு எதிரே, 'பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது' என்று எழுதி, அடிக்கோடிட்டிருந்தேன்.