இரண்டாவது புள்ளி

இரண்டாவது புள்ளி கிடைக்கும்வரை தேடுதல் அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இப்போது கட்டம் போட்ட கடல் வரைபடத்தை மேசைமேல் விரித்தார். காலையில் படகிலிருந்து வந்த அழைப்பில் சொன்ன இடம் (2, 3). மதியம் வந்த அழைப்பில் (6, 11).

இன்ஜின் நின்றுபோன படகு காற்று தள்ளின பக்கம்தான் போகும். ஒரே ஒரு புள்ளி என்றால் அதன் வழியாக ஆயிரம் கோடு போடலாம், எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது? அதனால்தான் மேலிடத்தில் தேடவேண்டாம் என்று கைகழுவப் பார்த்தார்கள். இரண்டு புள்ளி என்றால் ஒரே கோடுதான்.

மேலே எட்டு, குறுக்கே நாலு, அப்படியானால் சாய்வு இரண்டு என்று அதிகாரி பரீட்சை எழுதும் பையனைப் போல முணுமுணுத்தார். y = 2x − 1 என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

இத்தனை வருஷத்தில் இந்தக் கடல் தனக்குப் பின்னம் இல்லாமல் ஒரு கணக்குக்கூடக் கொடுத்ததில்லை என்று சிரித்தார்.

ரேடியோவுக்கு முன்னால் இருந்து அழைப்புகளைக் கேட்டுச் சொல்பவளும் சிரித்துவைத்தாள். அவள் தம்பி அந்தப் படகில்தான் இருந்தான். காலையிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் இல்லை. உடம்பு யாருடையதோ போல மரத்துக்கிடந்தது.

அந்தக் கோட்டை நம்பி மூன்று படகுகளும் ஒரு விமானமும் கிளம்பின. அதிகாரி டீ குடிக்கப் போனார்.

வராந்தாவில் மற்றவர்களோடு காத்திருந்த படகு டிரைவரின் மனைவி, கதவைத் திறந்து தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"ஏம்மா, மதியம் பேசினது அவரா? என்னம்மா சொன்னாரு?"

ரேடியோவுக்கு முன்னால் இருந்தவள் அதைப் பார்த்தாள். காலையில் தம்பி இடத்தைச் சொல்லி முடித்தானே, அதற்கப்புறம் அந்தப் பெட்டி வாயே திறக்கவில்லை. தேடாமலே விடுவதற்குப் பதில் ஆயிரத்தில் ஒரு கோட்டிலாவது தேடட்டும் என்று இரண்டாவது புள்ளியை அவளேதான் சொன்னாள்.

"அவருதாங்க்கா. எல்லாரும் நல்லா இருக்காங்களாம்."

டிரைவரின் மனைவி அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே ஓடினாள்.

சற்று நேரத்தில் வராந்தாவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவள் ஹெட்ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.