கசப்புப் பசை

சைகோன் பீர் ஆலை முற்றத்தில் காலை வெயில் பழுப்புப் பாட்டில்களுக்குள் புகுந்து தேன் நிறத்தில் வெளியே வருகிறது. லேபிள் ஒட்டும் பெண்கள் ஒரு மரப்பெட்டியைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். போன கப்பலில் ரியூனியன் தீவுக்கு ஏற்றிய பாட்டில்கள் லேபிளே இல்லாமல் போய் இறங்கின. அரிசிப் பசைக்கு ஆசைப்பட்ட கரப்பான்கள் காகிதத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டன. இன்னொரு முறை அப்படி நடந்தால் ஒட்டும் இயந்திரம் வந்துவிடும், இவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் லுவா, பீருக்குக் கசப்பு தரும் ஹாப் பூவின் சக்கையைப் பசையோடு சேர்த்துக் காய்ச்சியிருக்கிறாள். பழைய பசையில் ஒரு பாட்டில், புதிய பசையில் ஒரு பாட்டில், கூடவே கரப்பான்கள் என்று நேற்று மாலை பெட்டியை மூடினார்கள்.

"துரை, தள்ளி நில்லுங்க. மீசையில ஏறிடப் போவுது" என்கிறாள் நியுங். எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆலை மேலாளர் லக்கோம்ப் துரையும். லுவா மட்டும் விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

மூடி எழுகிறது. ஒரு பாட்டில் வெறும் கண்ணாடி. மற்றதில் லேபிள் ஓரம்கூடக் கலையாமல் இருக்கிறது.

"ஐயோ பாவம் கரப்பானுங்க, பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டுதுங்க!" என்கிறாள் நியுங்.

"பாவமா? நேத்து அதுங்கள புடிக்கறப்ப கத்துனது யாரு, அக்கா?" என்கிறாள் பக்கத்தில் இருப்பவள்.

துரை அந்த லேபிளை நகத்தால் சுரண்டி நாக்கில் வைக்கிறார். முகம் கோணுகிறது.

"த்தூ! கப்பல்ல ஏத்துங்க."

லுவா பசைச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். லேபிள் ஒட்ட வேண்டிய முதல் பாட்டில் அவள் மடியில் உருள்கிறது.